கூரைக் காடியில் ஓடும் தண்ணீர்: காருக்கு ரெயிலும் குறுக்குச் சட்டமும் பொருத்திய அனுபவம்

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் முதல் வேலையாகக் காரின் முன்கதவைத் திறந்து, முன்கண்ணாடித் தூணின் உள்உறைக்குப் பின்னால் செருகி வைத்திருந்த காகிதத் துண்டுகளை உருவிப் பார்த்தேன். நான்கும் மொரமொரவென்று காய்ந்திருந்தன. தொடர்ந்து மூன்றாவது மழை இது. இனி இந்த வேலை முடிந்தது என்று சொல்லலாம். அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரெயில் (சட்டங்களைத் தாங்கும் நீளத் தண்டு) பொருத்தி, அதன்மேல் இரண்டு குறுக்குச் சட்டங்களை ஏற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை. அரை நாள் போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது. கை ஓடிய நேரத்தை மட்டும் கூட்டினால் 14 மணி நேரம். அதில் 8 மணி நேரத்துக்குமேல் முதல் முறை தவறாகச் செய்ததைப் பிரித்து மறுபடியும் செய்ததற்கே போனது.

தேவை ஏணிக்காக. 3.6 மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஏணியை இத்தனை நாளும் பின்கதவைப் பாதி திறந்து கயிறு கட்டிக் கொண்டுபோனேன். அது ஆபத்து என்று தெரிந்தே செய்துவந்தேன்.

ரெயிலை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். முதலாவது, கூரை எந்த வகை என்பது. சில கார்களில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் லேசரால் பற்றவைத்து மழமழவென்று விட்டுவிடுவார்கள். அங்கே பட்டையும் இராது, பட்டைக்கு அடியில் ஓடும் நீளப் பள்ளமான காடியும் இராது. என்னுடையதில் காடி இருக்கிறது. பட்டையின் மேல் ஒவ்வொரு பக்கமும் மூன்று இடங்களில் விரல் நீளத்துக்கு மெல்லிய வெட்டுக்கோடு தெரிந்தது. அடியில் நட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது, காரின் கையேட்டில் உள்ள கூரைச் சுமை அளவு. என் காருக்கு 60 கிலோ. அது வண்டி ஓடும்போது தாங்கக்கூடிய சுமை; ரெயில், சட்டம் ஆகியவற்றின் எடையும் அதற்குள்ளேயே அடக்கம். ரெயிலும் சட்டமும் சேர்ந்து 9 கிலோ. மீதி 51. ஏணி 13 கிலோ. போதும்.

பட்டையைக் கழற்றியதில்தான் முதல் தவறு. தட்டையான ஸ்குரூடிரைவரின் நுனியில் துணி சுற்றி, பட்டையின் நடுப்பகுதியில் நுழைத்து நெம்பினேன். துணி விலகி, இரும்பு முனை கூரையின் விளிம்பில் பட்டது. 22 மி.மீ. நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகடு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. அதே நேரத்தில் உள்ளே "டக்" என்று ஒரு கிளிப் உடைந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு. வேலையை அங்கேயே நிறுத்தினேன். அந்த நாளில் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் முறையை மாற்றினேன். காடியின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். இரும்புக்குப் பதில் 20 மி.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் நெம்பு. வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, அதற்குமேல் ஹேர் டிரையரால் ஒரு சாண் ஒரு சாணாகச் சூடு காட்டினேன். குளிர்ந்த பிளாஸ்டிக் உடையும்; சூடான பிளாஸ்டிக் வளையும். பின்முனையிலிருந்து தொடங்குவதுதான் என் காருக்குப் பொருந்தியது. முன்முனை கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் ஒரு கொக்கியாகப் போய் நுழைந்திருக்கிறது. அதை மேலே இழுத்தால் உடையும். மற்ற கிளிப்புகள் எல்லாம் விட்ட பிறகு பட்டையைப் பின்னோக்கி நகர்த்தினால் தானே வெளியே வருகிறது. ஒவ்வொரு கிளிப்பும் எங்கே இருக்கிறது என்று டேப்பின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பக்கத்துக்கு 7 கிளிப். இரண்டாவது பக்கத்தில் ஒன்றுகூட உடையவில்லை.

உரிந்த இடத்துக்கு உடனே வைத்தியம் பார்த்தேன். 800 எண் உப்புத்தாளால் விளிம்பை மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் ஒரு பூச்சு, நிறம் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரம். காடிக்குப் பக்கத்தில் உள்ள கீறல் எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். அதை "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் ரெயிலுக்கு அடியில் துரு பிடிக்கும், பார்க்கவும் முடியாது.

பட்டையை எடுத்ததும் காடி முழுவதும் தெரிந்தது. உள்ளே 18 மி.மீ. அகலம், 11 மி.மீ. ஆழம். காய்ந்த இலைத் துகளும் மண்ணும் படிந்து கெட்டியாகியிருந்தன. பழைய பல்துலக்கியும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருமாக ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. கழுவும்போதே கவனித்தேன்: ஊற்றிய தண்ணீர் பாதி முன்னே போய்க் கண்ணாடியின் ஓரமாக இறங்கியது, பாதி பின்னே போய்ப் பின்கதவின் காடியில் விழுந்தது. "அட, இது வாய்க்கால்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு மறந்தும்போனேன். அந்த மறதிக்குத்தான் இரண்டு வாரம் செலவாயிற்று.

காடியின் தரையில் மூன்று நட்டுகள், தகட்டின் அடியில் பற்றவைத்தவை, மேலே பிளாஸ்டிக் அடைப்பான். எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான அளவு), மரை இடைவெளி 1 மி.மீ. கையாலேயே போல்ட்டை முடுக்கிப் பார்த்தேன். ஐந்து துளைகளில் சுலபமாக இறங்கியது. இடது நடுத் துளையில் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. ஸ்பேனரை எடுத்து லேசாக அழுத்தம் கொடுத்தேன். போல்ட் ஒரு பக்கமாகச் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒரு கால் சுற்றுச் சுற்றியிருந்தால் மரை குறுக்கே அறுந்திருக்கும். அந்த நட்டை மாற்ற உள்கூரையையே இறக்க வேண்டும்.

கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டும் சீலன்ட்டும் (இடுக்கை அடைக்கும் பசை) மரைக்குள் இறங்கி உறைந்திருந்தன. எம்6 மரைவெட்டியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொண்டு (சுரண்டல் தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்), அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக இறக்கினேன். பத்து நிமிட வேலை. பிறகு போல்ட் விரலாலேயே அடிவரை போனது. மற்ற ஐந்துக்கும் அதையே செய்தேன். விரலால் அடிவரை போகாத போல்ட்டுக்கு ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பதை இப்போது ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

நட்டு இல்லாத கூரையில் துளை போட்டு ரிவெட் நட்டு (துளைக்குள் நசுங்கித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் நட்டு) அடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எம்6 ரிவெட் நட்டுக்கு 9 மி.மீ. துளை போதும், கருவியும் எளிது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கூரைத் தகடு ஒரு மி.மீ.கூடத் தடிமன் இல்லாதது. தொழிற்சாலை நட்டு வைத்த இடத்தில் அடியில் கூடுதல் தகடு கொடுத்திருப்பார்கள். நாம் துளைக்கும் இடத்தில் அது இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், திரை போல இறங்கும் பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் அந்த ஓரத்துக்கு உள்ளேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டிரில் முனை அதற்குள் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. நட்டு இல்லையென்றால் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் வகைச் சட்டத்தை வாங்குவேன். கூரையில் துளை போட மாட்டேன்.

அடுத்தது பட்டையை வெட்டுவது. ரெயிலின் கால்கள் (காடியில் உட்கார்ந்து போல்ட் ஏற்கும் பகுதிகள்) வரும் இடம் போக மீதி நீளத்துக்குப் பட்டையைத் துண்டுபோட்டு மறுபடி காடியில் அழுத்த வேண்டும். இங்கேயும் ஒரு அவசரம். கழற்றிய அன்றே அளந்து வெட்டினேன். வெட்டும்போது கச்சிதமாக இருந்தது. மறுநாள் காலையில் முன்துண்டுக்கும் ரெயில் காலுக்கும் நடுவில் 4 மி.மீ. இடைவெளி. சூடு காட்டி இழுத்துக் கழற்றியதில் பட்டை நீண்டிருக்கிறது. இரவில் குளிர்ந்து பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. வலது பக்கப் பட்டையை ஒரு நாள் தரையில் நேராகப் படுக்க வைத்து, அதன் பிறகு 2 மி.மீ. கூட்டி வெட்டினேன். அது சரியாக உட்கார்ந்தது. இடது முன்துண்டின் இடைவெளி இன்றும் இருக்கிறது. அதன் வழியே தூசி சேர்வதால் மாதம் ஒரு முறை துடைக்கிறேன்.

இனி, முதல் முறை ரெயிலைப் பொருத்திய விதம். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. அதனால் ஒவ்வொரு காலின் அடியிலும் பியூட்டைல் நாடாவை (பிசின் போல ஒட்டும் மென்மையான ரப்பர் நாடா)க் காடியின் முழு அகலத்துக்கும் வைத்தேன். போதாதென்று காலின் முன்னும் பின்னும் சீலன்ட்டை அப்பி, காடியை மேல்விளிம்பு வரை நிரப்பினேன். விரலால் தடவி மழமழப்பாக்கி, 24 மணி நேரம் காயவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. நானும் திருப்தியாகப் படுத்தேன்.

நான்காம் நாள் மழை. அடுத்த நாள் இடது முன்இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பு ஈரமாக இருந்தது. கதவின் ரப்பர்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அதைத் துடைத்து, சிலிக்கோன் பூசி, ஒரு வாரம் வீணடித்தேன். இரண்டாவது மழையில் முன்கண்ணாடித் தூணின் உறைத்துணியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. அப்போதுதான் மனது திக்கென்றது. அந்த உறைக்கு உள்ளே மின்கம்பிகள் ஓடுகின்றன. அதன் மேல்முனையில் ஏர்பேக்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு தூணின் உறையை மட்டும் விலக்கினேன். ஏர்பேக்கையோ அதன் இணைப்பையோ தொடவில்லை. அடியிலிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும் என்று தகர வேலை செய்யும் நண்பர் ஒருவர் முன்பு சொன்னது நினைவில் இருந்தது. முதலிலேயே கூரையில் தண்ணீர் அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தம்பியை உள்ளே டார்ச்சோடு உட்கார வைத்துவிட்டு, ஹோஸில் மெல்லிய ஓட்டம் வைத்துக் கதவின் அடி, கதவின் நடு, கதவின் மேல்விளிம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடியின் ஓரம். ஒன்றும் இல்லை. காடியில் முன்காலுக்கும் நடுக்காலுக்கும் நடுவில் ஊற்றினேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

"அண்ணா, நிறுத்துங்கள். சொட்டுகிறது" என்றான்.

எட்டிப் பார்த்தேன். பட்டைத் துண்டுக்கு அடியில் காடி நிறையத் தண்ணீர் தேங்கி நின்றது. முன்னேயும் போகாமல், பின்னேயும் போகாமல். நான் பூசிய சீலன்ட் மதகு இல்லாத அணையாக நின்றுகொண்டிருந்தது. மூன்று காலுக்கும் அணை கட்டியதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு குளம். மழை பெய்யும் நேரம் மட்டும் நனைந்து ஓடிக் காய வேண்டிய போல்ட் துளை, இரவு பகலாகத் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது. அடைப்பு எங்கோ மயிரிழை அளவு விட்டிருந்தாலும் தேங்கிய தண்ணீர் அதைத் தேடிப் போய்விடும். போய்விட்டது. இந்தக் காடியின் வேலை தண்ணீரைத் தடுப்பது அல்ல, நடத்திக் கொண்டுபோவது. கழுவிய அன்றே கண்ணால் பார்த்த விஷயம்.

எல்லாவற்றையும் கழற்றினேன். அப்பிய சீலன்ட்டைச் சுரண்ட இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 5 மணி நேரம். பிளாஸ்டிக் சுரண்டி, விரல்நகம், ஆல்கஹால். அவ்வளவுதான், இரும்பை அருகில் விடவில்லை. நல்லவேளை, வினிகர் வாடை வரும் சிலிக்கோனை வாங்காமல் இருந்தேன். அது காயும்போது வெளியேற்றும் அமிலம் தகட்டை அரிக்கும். பியூட்டைல் எப்போதும் முழுதாக இறுகுவதில்லை என்பதால், அது இருந்த இடம் மட்டும் உருட்டி உருட்டி எடுக்கச் சுலபமாக வந்தது.

இரண்டாவது முறை செய்தது இது. ரெயில் காலின் அடிப்பகுதி 12 மி.மீ. அகலம், காடி 18. எனவே இருபுறமும் 3 மி.மீ. வழி இயல்பாகவே கிடைக்கிறது. அதை அடைக்காமல் விடுவதே வேலை. 2 மி.மீ. தடிமனுள்ள பியூட்டைல் நாடாவிலிருந்து 12 மி.மீ. வட்டங்களாக வெட்டி, நடுவில் துளையிட்டு, போல்ட் துளையைச் சுற்றி மட்டும் வைத்தேன். அதற்குமேல் காலோடு வந்த ரப்பர் திண்டு. அதன் நடுவில் சிறு உலோக வளையம் இருக்கிறது. முடுக்கும் பாரத்தை அந்த வளையம்தான் ஏற்கிறது, ரப்பர் அல்ல. முதல் முறை நாடாவைத் தடிமனாக வைத்ததில் அந்த வளையம் தகட்டில் உட்காரவே இல்லை என்பதும் கழற்றியபோதுதான் தெரிந்தது. போல்ட்டின் தலைக்கு அடியிலும் ஒரு மெல்லிய வட்டம் பியூட்டைல் வைத்தேன். காடியில் வேறு எங்கும் ஒரு துளி சீலன்ட் இல்லை.

ஆறு போல்ட்டையும் முதலில் விரலால் இறக்கி, ரெயிலை ஆட்டி இடம் பிடித்த பிறகு, நடு, முன், பின் என்ற வரிசையில் இரண்டு தவணையாக முடுக்கினேன். ரெயிலோடு வந்த வழிகாட்டித் தாள் 6 நியூட்டன் மீட்டர் என்கிறது. கை அளவில் இது மிகச் சிறிய இறுக்கம். பெரிய டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இந்த அளவே இல்லை. 2 முதல் 20 வரை காட்டும் சின்ன ரெஞ்சை இரவல் வாங்கினேன். மறுநாள் பியூட்டைல் நசுங்கி இடம் கொடுத்திருந்தது. மறுபடியும் 6 வைத்தபோது ஒவ்வொன்றும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தது. இந்த இரண்டாம் முடுக்கலை விட்டிருந்தால் போல்ட் தளர்ந்தே இருந்திருக்கும்.

பட்டையைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு கால்களுக்கு நடுவில் ஊற்றினேன். காலின் இருபுறமும் பிரிந்து, முன்னே பாதி பின்னே பாதியாக ஓடி, அரை நிமிடத்தில் காடி காலி. அதைப் பார்த்தபோது உண்டான நிம்மதி, ஏணியை முதல் முறை ஏற்றியபோதுகூட வரவில்லை.

குறுக்குச் சட்டங்கள் சிக்கல் தரவில்லை. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 700 மி.மீ. இருக்க வேண்டும் என்று தாளில் இருந்தது; 760 வைத்தேன். இரு ரெயிலிலும் முன்காலிலிருந்து ஒரே தூரம் அளந்து, மூலைக்கு மூலை அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்ததும் பிடிகளை 5 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். சட்டம் அலுமினியம், போல்ட் துருப்பிடிக்காத எஃகு என்பதால் மரையில் பிடிப்பைத் தடுக்கும் பசை ஒரு பொட்டு. இல்லையென்றால் இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். 50 கி.மீ. ஓட்டிய பிறகு எல்லாப் பிடிகளையும் மறுபடி பார்த்தேன். ஒன்று மட்டும் லேசாக நகர்ந்தது.

ஓட்டத்தில் விசில் சத்தம் வந்தது. 70 கி.மீ. வேகத்தில் தொடங்கி 85-இல் காதைக் குடைந்தது. சட்டத்தின் மேல்பள்ளத்தில் அழுத்த வேண்டிய ரப்பர் நாடாவை, "சுமை ஏற்றும்போது எடுக்கத்தானே போகிறோம்" என்று போடாமல் விட்டிருந்தேன். போட்டதும் பெரும்பகுதி அடங்கியது. மீதிக்கு, முன்சட்டத்தைச் சுற்றி 4 மி.மீ. கயிற்றைப் பாம்பு சுற்றியதுபோல இடைவெளி விட்டுச் சுற்றிப் பார்த்தேன். காற்று ஒரே சீராகச் சுழன்று கழல்வதை அந்தச் சுற்று குலைத்துவிடுகிறது, சத்தம் நின்றது. ஏணி இல்லாத நாட்களில் அந்தக் கயிறு அப்படியே இருக்கிறது. நெடுநாள் தேவையில்லாதபோது சட்டங்களைக் கழற்றிவிடுகிறேன். நான்கு பிடி, பத்து நிமிடம். எரிபொருளும் கொஞ்சம் மிச்சம்.

செலவில் ஏறத்தாழ முழுவதும் ரெயிலுக்கும் சட்டத்துக்கும் போனதுதான். நாடா, கிளிப், பிரைமர், பிளாஸ்டிக் நெம்பு எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பொருட்களை முதலிலேயே வாங்காமல், உடைந்த பிறகு, கீறிய பிறகு என்று ஒவ்வொன்றாக வாங்கியதில் நாட்கள் கரைந்தன. மறுபடி செய்ய நேர்ந்தால் 14 புதுக் கிளிப்பும் மரைவெட்டியும் கையில் இல்லாமல் பட்டையைத் தொட மாட்டேன். கழற்றிய அன்று எதையும் வெட்டவும் மாட்டேன். பட்டை இல்லாத காடியில் முதல் நாளே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்வேன்.

காகிதத் துண்டுகளை எடுத்துவிடவில்லை. புதிதாக நான்கு வெட்டி, தேதி எழுதி, அதே இடத்தில் செருகியிருக்கிறேன்.